சடையாண்டியின் வலது பாதியும் இடது பாதியும்

கீழநாட்டுக்கும் மேலநாட்டுக்கும் நடுவே மூக்கரைப்பட்டி என்று ஓர் ஊர். அந்த மண்ணில் கம்பு விளையும், கேழ்வரகு விளையும். அறிவு மட்டும் எந்த மழைக்கும் முளைத்ததில்லை. இதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபப்பட மாட்டார்கள். விதை கிடைத்தால் அடுத்த போகத்தில் போட்டுப் பார்க்கிறோம் என்பார்கள்.

கீழநாட்டு அரசருக்கு வரிதான் உயிர். அங்கே வாசலுக்கு வரி, வாசலில் போடும் கோலத்துக்கு வரி, அந்தக் கோலத்தை மிதித்தால் அதற்குத் தனி வரி. யாருக்கும் எதுவும் சும்மா கிடையாது. உழைக்கிறவனுக்குத்தான் கூழ், அதுவும் வரி போக மிச்சம். மேலநாட்டு அரசர் இதற்கு நேர்மாறு. அங்கே வரி இல்லை, எல்லாம் இலவசம். எவனாவது வேலை செய்தால், அரசர் போடுகிற சோறு போதாதா என்று பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள். அந்தச் சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதும் ஒரு வேலை என்பதால் யாரும் கேட்பதில்லை. இரண்டு அரசர்களுக்கும் தங்களைப் போல் புத்திசாலி உலகத்தில் இல்லை என்ற நினைப்பு. மூக்கரைப்பட்டிக் காற்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வீசியிருக்க வேண்டும்.

இந்த ஊர் யாருக்கு என்று ஒரு நாள் தகராறு வந்தது. சண்டை போட இருவருக்கும் சோம்பல். ஆகவே சேர்ந்து ஓர் ஓலை அனுப்பினார்கள். “பத்து நாள் இரண்டு நாட்டிலும் வாழ்ந்து பாருங்கள். எங்கே மனிதன் செழிக்கிறானோ அந்த நாட்டில் சேர்ந்துகொள்ளுங்கள்.”

நாட்டாமை மொக்கையன் ஊரைக் கூட்டினார். அவருக்கு வலப்பக்கம் பேச்சிமுத்து, இடப்பக்கம் கருத்தக்கண்ணு. ஊரில் யோசிக்கும் பொறுப்பு இந்த மூவருக்கும்தான். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

“நாட்டுக்கு ஒருத்தனா ரெண்டு பேரை அனுப்புவோம்” என்றார் பேச்சிமுத்து.

“அது எப்படிப்பா நியாயமாகும்? ஒருத்தன் சாப்பாட்டுராமனா இருப்பான், ஒருத்தன் நோஞ்சானா இருப்பான். ஒரே ஆளா இருந்தாத்தான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்” என்றார் கருத்தக்கண்ணு.

“அப்ப ஒரே ஆளு. அஞ்சு நாள் அங்க, அஞ்சு நாள் இங்க” என்றார் பேச்சிமுத்து.

கருத்தக்கண்ணு ஓலையை மறுபடி பார்த்தார். ஊரிலேயே எழுத்துத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். “பத்து நாள் ரெண்டு நாட்டுலயும்னு போட்டிருக்கு. அஞ்சஞ்சுன்னு போடலையே” என்றார்.

கடைசியில் நாட்டாமை தொண்டையைச் செருமினார். “நாளைப் பாதியாக்கக் கூடாது. ஆளைப் பாதியாக்கலாம்.”

கூட்டம் சொக்கிப்போயிற்று. எல்லைக்கோட்டில் ஓர் ஆளை உட்கார வைத்தால் ஒரு பாதி அந்த நாடு, மறு பாதி இந்த நாடு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வெயிலில் பார்த்துவிடலாம். மூக்கு நேராக இருக்கும் ஆளைத் தேடினார்கள். சடையாண்டி சிக்கினான். கொத்தனாரின் தூக்குக்குண்டை அவன் நெற்றியில் பிடித்து, மூக்கும் தொப்புளும் கோட்டின்மேல் சரியாக வரும்படி வடக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். வலது பாதி கீழநாட்டில், இடது பாதி மேலநாட்டில்.

அவன் மனைவி ஒச்சம்மா கம்பங்கொல்லையிலிருந்து ஓடி வந்தாள்.

“கம்பு முத்தி நிக்குதுய்யா. குருவி கூட்டங்கூட்டமா எறங்குது. வருசம் பூரா எங்களுக்குச் சோறு அதுதான். நான் ஒருத்தி எத்தனை கதிரை அறுப்பேன்? இந்த ஆளை விடுங்க.”

“தாயி, ஊரோட தலையெழுத்தே ஒன் புருசன் மூக்குல நிக்குது. கம்பு பெருசா, தலையெழுத்து பெருசா?” என்றார் நாட்டாமை.

“கம்புதான்” என்றாள் அவள்.

அன்றைக்கு அந்த ஊரில் பேசப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை அது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சடையாண்டியோ, அசைந்தால் எல்லை மாறிவிடும் என்று பயந்து கண்ணை மட்டும் உருட்டினான்.

கீழநாட்டிலிருந்து ஒரு சுங்கக்காரர் வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார். மேலநாட்டிலிருந்து சோறு போடும் அதிகாரி வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார். சடையாண்டியின் வலது கைக்கு ஒரு திருகையைக் கொடுத்து மாவு அரைக்கச் சொன்னார்கள். அரைத்ததில் பாதி வரி, மீதியில் கூழ். அதை வலதுபக்கப் பல்லால் மட்டும் மெல்ல வேண்டும். இடது கை மடியில் சும்மா கிடந்தது. அதன் பங்குக்குச் சோற்று உருண்டை வந்தது. அதை இடதுபக்கப் பல்லால் மெல்ல வேண்டும், ஆனால் மெல்லுவது வேலையாகத் தெரியக் கூடாது. பெரும்பாலும் அப்படியே விழுங்கி விக்கினான்.

மூன்றாம் நாள் ஒரு கொசு அவன் இடது கன்னத்தில் உட்கார்ந்தது. இடது கை எழுந்தது.

“அடிக்கிறது வேலை. மேலநாட்டுல வேலை செஞ்சா சிறை” என்றார் சோற்று அதிகாரி.

இடது கை படுத்துக்கொண்டது. வலது கை மூக்கைத் தாண்டப் பார்த்தது.

“அடியை நாடு விட்டு நாடு கொண்டு போறியா? சுங்கத்தைக் கட்டிட்டுப் போ” என்றார் சுங்கக்காரர்.

“அந்தக் கொசுவும் எங்க நாட்டுப் பிரஜைதான். அதுக்கும் சாப்பாடு இலவசம்” என்றார் மற்றவர்.

கொசு வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கீழநாட்டுப் பக்கம் பறந்தது. அதனிடம் வரி வசூலிக்கச் சுங்கக்காரர் அரை மைல் ஓடினார்.

பத்தாம் நாள் இரண்டு கைகளையும் நூல் போட்டு அளந்தார்கள். வலது கை ஒரு விரல்கடை பருமனாக இருந்தது.

“கீழநாடுதான் செழிப்பு. சந்தேகமே இல்ல” என்றார் பேச்சிமுத்து.

“இடது கையைத் தடவிப் பாருங்க, வெண்ணெய் கணக்கா இருக்கு. காய்ப்பு இல்லாத கைதான் செழிப்பு” என்றார் கருத்தக்கண்ணு.

கதிர்க்கட்டைச் சுமந்துகொண்டு அந்த வழியாகப் போன ஒச்சம்மா நின்றாள். “இந்தாளுக்குச் சோத்துக்கை கல்யாணத்தப்பவே அப்படித்தான்யா இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படித்தான். போதும், எந்திரிச்சு வரச் சொல்லுங்க. பாதிக் கம்பு குருவி வயித்துக்குள்ள போயிருச்சு.”

மூவரும் திகைத்துப்போனார்கள். சோதனையில் பிசகு இருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்காகச் சடையாண்டியை விட்டுவிட்டார்களா? தெற்குப் பார்க்கத் திருப்பி உட்கார வைத்து இன்னும் பத்து நாள் என்றார்கள். இப்போது இடது கை திருகை சுற்றியது, வலது கை மடியில் படுத்தது. ஒச்சம்மா அங்கேயே நின்று மூவரையும் வாய் வலிக்கத் திட்டினாள். திட்டித் தீர்த்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு தனியாகக் கொல்லைக்குப் போனாள். அவள் வயிறு எரிந்தது எனக்கே கேட்கிறது, அவர்களுக்குக் கேட்கவில்லை.

இருபதாம் நாள் அளந்தார்கள். இரண்டு கையும் சமம். ஆள் குச்சியாகிவிட்டதால் இரண்டும் சமமாக இளைத்திருந்தன.

“ரெண்டு நாடும் ஒண்ணுதான்” என்று நாட்டாமை அறிவித்தார்.

அதிகாரிகள் இருவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. எங்கள் நாடு வேறு, அவர்கள் நாடு வேறு என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்த இரைச்சலில், கதிர்க்கட்டோடு வந்து நின்ற ஒச்சம்மாவைக் கருத்தக்கண்ணு கவனித்தார்.

“இருபது நாளாக் கொல்லைப் பக்கம் போகாம இங்கேயே நின்னு ஊரே இளைச்சுப்போச்சு. இளைக்காத ஒரே ஆளு இந்தப் பொம்பளைதான். ஏம்மா, நீ எந்த நாட்டுல இருக்க?”

“என் கொல்லையில இருக்கேன்.”

“அங்க வரி என்ன, இலவசம் என்ன?”

“வந்து அறுத்தாக் கூழு. அறுக்காட்டி குருவி திங்கும். இன்னும் நாலு பாத்தி மிச்சமிருக்கு, அவ்வளவுதான் எங்க நாடு.”

மூவரும் ஒதுங்கிப் போய்க் குசுகுசுத்தார்கள். ஒச்சம்மா நாட்டுத் திட்டம் நல்ல திட்டம்தான், ஆனால் சோதிக்காமல் ஒரு நாட்டில் சேரக் கூடாது. சடையாண்டியை அலாக்காகத் தூக்கி வந்து ஒச்சம்மாவின் வரப்பில் உட்கார வைத்தார்கள். தூக்குக்குண்டு மறுபடி வந்தது. வலது பாதி கொல்லையில், இடது பாதி வெளியே.

ஒச்சம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இருந்தாலும் பாதிப் புருசனாவது கொல்லைக்குள் வந்தானே என்று அவன் வலது கையில் அரிவாளைக் கொடுத்தாள். அவன் வீசினான். கதிர் வளைந்து வளைந்து நிமிர்ந்தது.

“கதிரை இடது கையால பிடிச்சுக்கிட்டு அறுய்யா.”

“இடது கை வெளிநாட்டுல இருக்குடி” என்றான் சடையாண்டி.

நாட்டாமை அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அப்போதே அங்கேயே மனு எழுதப்பட்டது. ‘மகாராஜா சமூகத்துக்கு, மூக்கரைப்பட்டியார் தெண்டனிட்டு எழுதுவது. கம்பு அறுக்க எங்களிடம் ஒரு வலது கை உள்ளது. கதிரைப் பிடிக்க ஓர் இடது கை அனுப்பி உதவ வேண்டும்.’ இரண்டு அரசர்களுக்கும் ஒவ்வொரு பிரதி போயிற்று. ஒச்சம்மா அவன் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கி மிச்சம் நின்ற நாலு பாத்தியையும் தானே அறுத்து, கட்டி, வீடு கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

எட்டாம் நாள் பதில்கள் வந்தன. இடது கை தரலாம், விரலுக்கு விரல் வரி உண்டு என்று கீழநாட்டு அரசர் எழுதியிருந்தார். மேலநாட்டு அரசரின் ஓலை வேறு மாதிரி இருந்தது. ‘எம் நாட்டில் இடது கை அனைவருக்கும் இலவசம். நேரில் வந்து வரிசையில் நின்று பெற்றுக்கொள்ளவும். பெற வருபவர் இரண்டு கைகளையும் நீட்டிப் பெற வேண்டும்.’

கருத்தக்கண்ணு வாசித்து முடித்ததும் ஊரே எழுந்து நின்று கும்பிட்டது. கையையே சும்மா கொடுக்கிற நாட்டை விட்டால் வேறு நாடு ஏது என்று மூக்கரைப்பட்டி அன்றைக்கே மேலநாட்டில் சேர்ந்தது. மறுநாள் காலை எல்லோரும் அரண்மனை வாசலில் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் சடையாண்டி. இரண்டு கைகளையும் நீட்டியபடி அவன் பின்னால் திரும்பி நாட்டாமையிடம் கவலையோடு கேட்டான்.

“எல்லாஞ் சரிண்ணே. குடுத்தாய்ங்கன்னா, அதை எந்தக் கையில தூக்கிட்டு வாறது?”