காராயி தந்த கறுப்பு

அந்தக் காலத்தில் கொக்கு பேசும், காக்கை பேசும், ஏன், சூரியனே பேசுவான். இப்போது போல எட்டாத உயரத்தில் அவன் இல்லை. பனைமர உயரத்தில்தான் உலாத்திக்கொண்டிருந்தான். அழகாக எதையாவது கண்டால் போதும், குனிந்து பார்த்துவிடுவான். பார்த்தது வாடிப்போகும். கெட்ட எண்ணம் கிடையாது, அவன் பார்வை அப்படி.

கரிசல்காட்டு ஊர் ஒன்றில் காராயி என்று ஒரு சிறுமி இருந்தாள். மழை நின்றதும் கரிசல் மண் ஒரு கறுப்பு கறுக்குமே, அந்தக் கறுப்பு. பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் கண் எங்கே போயிற்றோ! "அடுப்பங்கரி வர்றா, ஒட்டிக்கிடும், ஓடுங்க!" என்று அவளைக் கண்டாலே ஓட்டம் பிடிப்பார்கள். முதலில் ஓடுகிறவள் செல்லக்கனி.

காராயி குளத்துக் கொக்கிடம் போனாள். "நீ மட்டும் எப்படி இப்படி வெள்ளையா இருக்கே?"

"உவர்மண்ணைப் போட்டுத் தேயி, எல்லாம் போயிரும்" என்றது கொக்கு. அது என்றைக்குத் தேய்த்துப் பார்த்தது? வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தது.

காராயி தினமும் தேய்த்தாள். தோல் எரிந்ததே தவிர, கறுப்பு எள்ளளவும் நகரவில்லை. அவள் அம்மா சடைச்சி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு மண்ணைப் பிடுங்கி எறிந்தாள். "இது என்ன அழுக்கா, தேய்ச்சா போறதுக்கு? என் ஆத்தா நிறம்ட்டி இது! அவ ஆத்தா நிறம்!" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. காராயிக்கு அது காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை.

பருத்தி வெடிக்கும் நேரம் வந்தது. பெண்கள் எல்லாரும் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்துக் கிளைகளில் தூளிகள் தொங்கின. மற்ற பிள்ளைகள் விளையாடப் போய்விட, சேர்த்துக்கொள்ள ஆளில்லாத காராயிதான் தூளி ஆட்டினாள். செல்லக்கனியின் தம்பியும் ஒரு தூளியில் தூங்கினான்.

அந்தப் பக்கம் வந்த சூரியன் தூளியில் தூங்கிய குழந்தைகளைக் கண்டு நின்றுவிட்டான். "அடடா, இத்தனை அழகா!" என்று குனிந்தான். வேப்பிலை சுருண்டது. குழந்தைகள் வீரிட்டன. தாய்மாரோ காட்டின் மறுகோடியில் இருந்தார்கள்.

காராயி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். அவன் பார்வை முழுவதும் அவள்மேல் விழுந்தது. உடம்பு சுட்டது, ஆனால் வாடவில்லை.

"யாரு நீ? என்னையே தாங்கிக்கிட்டு நிக்கியே!" என்றான் சூரியன்.

காராயி தன் கைகளைப் பார்த்தாள். காலடியில் கிடந்த மண்ணைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம். அம்மா சொன்னது அப்போதுதான் அவள் மனதில் இறங்கியது.

"நான் கரிசக்காட்டுக்காரி, சடைச்சி மக! உன்னைக் குடிச்சுக் குடிச்சுத்தான் எங்க மண்ணு கறுத்துச்சு, எங்க ஆத்தாமாரும் கறுத்தாங்க. அவங்க தாங்குனாங்க. நானும் தாங்குவேன்!"

சொல்லிவிட்டாள். ஆனால் அவள் ஒருத்தி, தூளிகளோ பல. ஒன்றை மறைத்தால் இன்னொன்று வெந்துவிடும். என்ன தோன்றியதோ, வேர்த்த கன்னத்தில் விரலால் ஒரு இழு இழுத்து, செல்லக்கனியின் தம்பி கன்னத்தில் வைத்தாள். உவர்மண்ணுக்கு அசையாத கறுப்பு, கொடுக்க வேண்டும் என்றதும் விரலோடு வந்தது! அவளிடம் துளியும் குறையவில்லை. சூரியன் பார்வை நேரே அந்தப் பொட்டில் போய் விழுந்து அடங்கியது. குழந்தை அழுகையை நிறுத்தினான். காராயி தூளி தூளியாக ஓடி எல்லாக் குழந்தைகளுக்கும் வைத்தாள்.

சூரியனுக்கு வெட்கமாகிவிட்டது. "இனிமே தூரத்துல இருந்தே பாத்துக்கிடுதேன் தாயி" என்று மேலே போனவன்தான், இறங்கவே இல்லை.

அலறல் கேட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். செல்லக்கனி தம்பியின் பொட்டைப் பார்த்தாள், காராயியைப் பார்த்தாள். பிறகு தன் கன்னத்தை நீட்டினாள். "எனக்கும் ஒண்ணு வையேன்."

"நான் அடுப்பங்கரியாச்சே! ஒட்டிக்கிடும், பரவால்லையா?"

"ஒட்டட்டும்."

காராயி சிரித்துக்கொண்டே வைத்தாள், நல்ல பெரிதாக.

அழகைக் கொஞ்சம் குறைத்துக் காட்டத்தான் குழந்தைக்குக் கறுப்புப் பொட்டு வைப்பது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். குறைக்கவாம்! அவர்களுக்குக் கதை தெரியாது, பாவம். அன்று முதல்தான் நம் பிள்ளைகள், சிவந்த பிள்ளையானாலும் கறுத்த பிள்ளையானாலும், குளித்ததும் காராயியின் நிறத்தைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு வெயிலுக்கு வருகிறார்கள்.