சவரிமுத்து கொண்டுவந்த கயிறு

"எந்தக் கயிறு வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்க்கா," என்றான் சவரிமுத்து.

பிலோமினா நிமிரவில்லை. மடியில் கிடந்த கைரம்பத்தின் பற்களுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏறப்போறது யாரு?"

"நம்ம ஆளுங்கதான்."

"அப்ப அவங்களைத்தானே கேக்கணும்."

சவரிமுத்து சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. தோளில் சுமந்துவந்த கயிற்றுச் சுருளை அவள் முன்னால் இறக்கி வைத்துவிட்டு, வலி எடுத்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தான்.

கொடைக்கானல் மலையில் மரமேறிப் பிழைப்பவர்களில் பாதிப் பேர் பிலோமினாவிடம் தொழில் பழகியவர்கள். கூரைமேல் சாயப்பார்க்கிற தைலமரம், மின்கம்பியை உரசுகிற பைன், இப்படி அடியோடு வெட்டித் தள்ள முடியாத மரங்கள்தான் அவர்கள் வேலை. கயிற்றில் தொங்கிக்கொண்டு உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கழித்து இறக்குவார்கள். பிலோமினா யாரிடம் பழகினாள் என்பது யாருக்கும் தெரியாது. கேட்டால், விழுந்து பழகினேன் என்பாள்.

அவளிடம் பழகியவர்களில் சவரிமுத்துதான் கெட்டிக்காரன் என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. அவனைவிட அவள் நாலைந்து வயதுதான் மூத்தவள். இரண்டு பேரும் ஒரே மரத்தில் எதிரெதிர்க் கிளைகளில் நின்று வேலை செய்தால், சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஒருநாள் வெட்டிய கிளை ஊசலாடி வந்து அவன் இடுப்பில் அடித்தது. எலும்பு கூடியது. ஆனால் மரம் ஏறுகிற இடுப்பாக அது கூடவில்லை.

காண்டிராக்டர் ஒருவர் அவனை மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டார். யாரை எந்த மரத்தில் ஏற்றுவது, என்ன சாமான் வாங்குவது என்பதெல்லாம் இப்போது அவன் பொறுப்பு.

அவன் விஷயத்தைச் சொன்னான். மழைக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் பெரிய மரங்களைக் கழித்தாக வேண்டும். பழைய கயிறுகள் நைந்துபோய்விட்டன. மரமேறுவதற்கென்றே செய்த கயிறு வெளியூரிலிருந்து வர வேண்டும், விலையும் கூட. இந்தச் சுருள் மதுரையில் கிடைப்பது. தடிமன், பளபளப்பு, நீல நிறம். லாரிக்காரர்கள் பாரம் கட்ட வாங்குவது. யானையைக் கட்டித் தூக்கினாலும் அறாது என்று கடைக்காரன் சொல்கிறான்.

"உங்க முதலாளி எதைச் சொல்றாரு?"

"இதைத்தான்."

"ஆளுங்க?"

பிலோமினா அக்கா பார்த்து நல்ல கயிறு என்று சொன்னால் ஏறுகிறோம், இல்லாவிட்டால் ஏற மாட்டோம் என்று அவர்கள் ஒரே பிடியாக நிற்பதைச் சொன்னான்.

"நீ என்ன சொல்ற?"

"நீங்க சொல்றதுதான்க்கா எனக்கும்."

அவள் அரத்தைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். மரமேறும் இடுப்புவாரை மாட்டிக்கொண்டு வந்தாள். நீலச் சுருளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நடந்தாள்.

பின்னால் ஒரு தைலமரம் நின்றது. வெள்ளையாக, வழவழவென்று, பாதி உயரம்வரை ஒரு கிளைகூட இல்லாமல்.

அவன் காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனான். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டான்.

"பாக்கச் சொன்னியே. கயித்துல ஏறித்தான் பாக்கணும்."

மணல் பையில் மெல்லிய நூலைக் கட்டி வீசினாள். முதல் வீச்சிலேயே பை, கிளை பிரிகிற கவட்டையைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது. நூலின் முனையில் நீலக் கயிற்றைக் கட்டி மேலே இழுத்தாள். இறங்கி வந்த முனையை இடுப்புவாரில் மாட்டி, மறுபுறத்துக் கயிற்றில், தள்ளினால் நகர்ந்து கனம் போட்டால் இறுகிப் பிடிக்கிற முடிச்சைப் போட்டாள்.

சவரிமுத்துவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அவள் கயிற்றைத் தடவிப் பார்க்கவில்லை.

அவளிடம் பழகிய எவனும் அதை மறக்க முடியாது. கால் தரையை விடும் முன்னால், கண்ணை மூடிக்கொண்டு, கயிற்றை முனையிலிருந்து முனைவரை உள்ளங்கைக்குள் ஓடவிட வேண்டும். எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே விறைத்திருக்கிறது என்று விரல் சொல்லும். அதைச் செய்யாதவனை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். சவரிமுத்துவையே அப்படி அனுப்பியிருக்கிறாள், மற்றவர்கள் பார்க்க.

இன்றைக்கு அவள் கயிற்றைத் தொட்டதெல்லாம் முடிச்சுப் போடுவதற்கு மட்டும்தான்.

மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். வயதாகிறது. அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏறட்டுமா? சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லக்கா," என்றான்.

இருந்தது.

போன வாரம் இதே சுருளில் அவன் ஆட்களில் ஒருவனான லூர்து ஏறினான். சவரிமுத்துதான் ஏறிப் பார்க்கச் சொன்னான். ஒரு பேரிக்காய் மரம், அப்படியொன்றும் உயரமில்லை. லூர்து கொஞ்சம் வேகமாக வழுக்கி இறங்கினான். இறங்கியவன் கயிற்றைக் கொண்டுவந்து காட்டினான். முடிச்சு உரசிய இடத்தில் இழைகள் உருகி, மெழுகுபோல ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

நீ இறங்கினது தப்பு, கயிறு என்ன செய்யும் என்று சவரிமுத்து அவனைத்தான் கடிந்துகொண்டான். மற்றவர்களிடம் வாயைத் திறக்காதே என்றும் சொன்னான். உருகிய அந்தப் பகுதியை மட்டும் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டான். கரும்புகை வந்தது. என்ன நாற்றம் என்று மனைவி கேட்டாள். பழைய செருப்பு என்றான்.

மீதிக் கயிறுதான் இது.

பிலோமினா ஏறினாள்.

அவள் ஏறுவது அவனுக்கு மனப்பாடம். கால் கொடுத்து ஒரு உந்தல், முடிச்சை மேலே தள்ளுதல், மூச்சு. மறுபடியும் கால், முடிச்சு, மூச்சு. மஞ்சு மூட்டம் மரங்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. கீழே சாலையில் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவு திரும்பியது.

பாதியில் நின்றாள். இரண்டு கையையும் விட்டாள். உடம்பின் கனம் முழுவதையும் கயிற்றில் போட்டுப் பின்னால் சாய்ந்தாள். கயிறு நீண்டு கொடுத்தது. அவள் கொஞ்சம் இறங்கி, ஆடி, நின்றாள்.

நின்று அவனைப் பார்த்தாள்.

அக்கா, இறங்குங்க. இரண்டே வார்த்தைதான். நாக்கு நுனியில் வந்து நின்றது.

சொன்னால் ஏன் என்று கேட்பாள். லூர்துவைச் சொல்ல வேண்டும். அடுப்பைச் சொல்ல வேண்டும். பிறகு முதலாளியிடம் போய் இந்தக் கயிறு வேண்டாம் என்று நிற்க வேண்டும். அவர் ஏற்கனவே ஒருமுறை கேட்டுவிட்டார், உனக்குக் கயிறு வேணுமா, வேலை வேணுமா என்று. இந்த இடுப்பை வைத்துக்கொண்டு இந்த மலையில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

அதோடு, அவளுக்குத் தெரியாதா? கயிறு மோசமாக இருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள். அவள் பிலோமினா. கண்டுபிடித்திருப்பாள், கண்டுபிடித்திருப்பாள் என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவள் பார்வையை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

கவட்டையை அடைந்தபோது மஞ்சுக்குள் அவள் கால்கள்தான் தெரிந்தன. சவரிமுத்து கழுத்தை வளைத்துப் பார்த்தான். மரத்தடியில் நின்றவன் இப்போது எட்டத்தில், வேலியோரம் நின்றான். எப்போது நகர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது.

அவள் இறங்கினாள். நின்று நின்று, முடிச்சு சூடாகிவிடாமல், ஒரு கைப்பிடி அளவாக இறங்கினாள். அவ்வளவு மெதுவாக யாரும் இறங்கி அவன் பார்த்ததில்லை. வாய்க்குள்ளே அருள்நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தான். பாதிக்கு மேல் வார்த்தை வரவில்லை.

அவள் கால் தரையில் பட்டது.

சவரிமுத்துவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒன்றும் ஆகவில்லை. கயிறு தாங்கிவிட்டது. லூர்து உண்மையிலேயே வேகமாகத்தான் இறங்கியிருக்கிறான். இத்தனை நாள் வீணாகப் பயந்திருக்கிறோம். நொண்டி நொண்டி அவளிடம் ஓடினான்.

"அப்ப நல்ல கயிறுதானேக்கா?"

அவள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் தாங்குச்சு," என்றாள்.

கயிற்றை மரத்திலிருந்து உருவினாள். அது மேலே போய், கவட்டையைத் தாண்டி, சரசரவென்று கீழே விழுந்தது. குனிந்து சுருட்ட ஆரம்பித்தாள். அவன் உதவிக்குக் கை நீட்டினான். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவளே முழுவதையும் சுருட்டி, கடைசிச் சுற்றை இறுக்கி, அவன் தோளில் மாட்டிவிட்டாள்.

"நம்ம ஆளுங்ககிட்ட என்னன்னு சொல்லட்டும்க்கா?"

"பிலோமினா ஏறினா, கயிறு தாங்குச்சுன்னு சொல்லு."

அவன் தலையாட்டினான். திரும்பி இரண்டடி நடந்தான்.

"சவரி."

நின்றான்.

"நான் மேல போகப்போக நீ எங்க போய் நின்னேங்கிறதையும் சொல்லு."