சங்கா, தேக்கிலையா?

அல்லிக்குளத்துக் கரையில் பூளை என்றொரு முயல் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. போன மழைக்காலத்தில் பக்கத்துப் பனையில் இடி விழுந்தது. அன்று மந்தமான பூளையின் காது பிறகு தெளியவே இல்லை. முயலுக்குக் காதுதானே காவல்! நேற்றிரவு நரி அதன் வளை வாசல்வரை வந்து போயிருக்கிறது. விடிந்து கால்தடத்தைப் பார்த்த பிறகுதான் பூளைக்குத் தெரிந்தது.

இதைக் கேள்விப்பட்டு ஓடிவந்தது தாண்டவன் என்ற குரங்கு. ஊர் சுற்றி அபூர்வப் பொருள் சேர்ப்பதுதான் அதற்கு வேலை. சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் இரண்டு பொருள்களை அது கொண்டுவந்திருந்தது. ஒன்று, சுருட்டிய தேக்கிலை. மற்றது, கடற்கரையில் கிடைத்த வெண்சங்கு.

"இரண்டையும் காதில் வைத்துப் பார், அக்கா! எது நன்றாகக் கேட்கிறதோ அது உனக்கு!"

பூளை தேக்கிலையை வைத்தபோது, தாண்டவன் அக்கரையில் நின்று மெல்லக் கூப்பிட்டது. சங்கை வைத்தபோதோ, பக்கத்தில் வந்து தொண்டை கிழியக் கத்தியது! ஏமாற்றும் எண்ணமெல்லாம் அதற்கு இல்லை. சங்கின் மேல் அவ்வளவு பெருமை. தான் நெருங்கி வந்ததே அதற்குத் தெரியாது.

"ஆகா! சங்குதான்!" என்றது பூளை. தாண்டவன் வாயை மூடிய பிறகும் சங்குக்குள் 'ஓ' என்ற ஒலி ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை மாதம் வெறிச்சோடிக் கிடந்த காது நிறைந்துவிட்டது. பூளைக்குக் கண்ணில் நீர் வந்தது.

புங்க மரத்து அணில் பொடிச்சிக்குப் பொறுக்கவில்லை.

"ஒன்றுக்கு அங்கே நின்று முணுமுணுத்தாய். ஒன்றுக்கு இங்கே வந்து கத்தினாய். இது என்ன சோதனை, தாண்டவா?"

"அதெல்லாம் ரசனை உள்ளவர்களுக்குப் புரியும்! நீ போய்க் கொட்டையைக் கொறி!"

பொடிச்சி அதைச் சட்டை செய்யவில்லை. "அக்கா, கண்ணை மூடிக்கொள். நான் இதே கிளையிலிருந்து புங்கங்காயைப் போடுகிறேன். விழும் சத்தம் கேட்டதும் சொல்."

பூளை சங்கைக் காதில் வைத்தது. "கேட்டுவிட்டது!"

"நான் இன்னும் போடவே இல்லையே!"

பூளை திகைத்தது. பொடிச்சி ஒரு காயைப் போட்டது. பூளையின் முகத்தில் அசைவே இல்லை.

"போட்டுவிட்டேன், அக்கா!"

"எப்போது? எல்லாம் ஒரே இரைச்சலாக அல்லவா இருக்கிறது!"

அடுத்து தேக்கிலை. பூளை வெகுநேரம் காது கொடுத்தது. "ஒன்றுமே கேட்கவில்லை" என்றது.

"பார்த்தாயா! வெறும் இலை!" என்று குதித்தது தாண்டவன்.

"சும்மா இரு! நான் போட்டால்தானே கேட்கும்?"

பூளை மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் குட்டிகள் அருகம்புல் மேய்ந்துகொண்டிருந்தன. "இப்போது கேட்கிறது" என்றது மெதுவாக. "சருகு நொறுங்குகிறது... நின்றுவிட்டது... மறுபடியும் நொறுங்குகிறது..."

பொடிச்சி குனிந்து பார்த்தது. காய் அதன் கையிலேயே இருந்தது!

"அக்கா, அது நான் இல்லை!"

பூளை ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. குட்டிகளைத் தலையால் முட்டி வளைக்குள் தள்ளித் தானும் பாய்ந்தது. அதே சமயம் புதருக்குப் பின்னாலிருந்து நரி பாய்ந்தது. அதன் வாயில் மண்தான் சிக்கியது.

நரி வெறும் வயிற்றோடு போன பிறகு, நரியைக் கண்டதும் மரமேறியிருந்த தாண்டவன் இறங்கி வந்தது. "உன் குட்டிகளைப் பலி கொடுக்க இருந்தேனே, அக்கா!" என்று தேம்பியது.

"அழாதே. எனக்கும்தான் அந்தச் சங்கு பிடித்திருந்தது" என்றது பூளை.

உள்ளதை உள்ளபடி சொல்வதை நம்பினால் பிழைக்கலாம். கேட்க இதமாக இருப்பதை மட்டும் நம்பினால், ஆபத்து வாசலுக்கு வந்தாலும் தெரியாது.