செவந்தி வாயில நாப்பது பிள்ளை

காலை மடக்கிப் படு தேனு. உங்கம்மா தம்பிப் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரியில இருந்து நாளைக்கு வந்துடுவா. அதுவரைக்கும் மாமாதான். எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு கதை. "ம்" சொல்லிக்கிட்டே கேளு. நீ நிறுத்துனா நானும் நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு ஏரி. ஏரியில ஒரு மீனு. பேரு செவந்தி. அவளுக்கு நத்தைன்னா உசிரு. நத்தைங்களுக்கு அவளைக் கண்டாலே உசிரு போயிடும். லபக்குனு வாயில போடுவா, தொண்டைக்குள்ள தள்ளுவா, கடக்கு மொடக்கு. ஓடு மட்டும் தூன்னு வெளிய வரும்.

தொண்டையில எப்படிப் பல்லு இருக்கும்னா? இருக்கு. அவ வம்சத்துக்கே அங்கதான் பெரிய பல்லு.

அப்புறம் செவந்தி நாப்பது முட்டை போட்டா. அந்த மீனுங்க வழக்கம் என்னன்னா, முட்டையை வெளிய விடாது. வாயிலயே வச்சுக்கும். குஞ்சு பொரிச்சு நீந்தப் பழகுற வரைக்கும் இருபத்தோரு நாளு. சாப்பாடு கிடையாது. பேச்சும் கிடையாது. யாரு என்ன கேட்டாலும் "ம்"தான். உன்னை மாதிரி.

இது தொப்பையன்னு ஒரு நத்தைக்குத் தெரிஞ்சு போச்சு. பயம் விட்டுப் போச்சு அவனுக்கு. ஏழாம் நாளு அவ மூக்குக்கு முன்னாடியே உலாத்தப் போனான். இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு. செவந்திக்கு வயிறு கொர்ர்ருங்குது. வாயைத் திறந்தா பிள்ளைங்க கொட்டிப் போகும். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

பதினாலாம் நாளு மறுபடி வந்தான். "என்னக்கா, பல்லு கொட்டிப் போச்சா?"ன்னான்.

"ம்."

"இளைச்சுட்டியே?"

"ம்."

அழுகை வந்துச்சு அவளுக்கு. தண்ணிக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும்?

இருபதாம் நாளு. தொப்பையன் வந்து வாய்கிட்டயே உக்காந்தான். அப்போ, பசி மயக்கத்துல செவந்திக்கு ஒரு கொட்டாவி. ஆஆவ்... நீ விடாத, கதையைக் கேளு. சட்டுனு வாயை மூடிட்டா. அதுக்குள்ள கடைக்குட்டி வழுக்கி வெளிய வந்து, டொப்புனு தொப்பையன் முதுகுல விழுந்துடுச்சு. அந்தப் பக்கம் ஒரு கெளுத்தி வாயைப் பிளந்துக்கிட்டு வருது. செவந்தி யோசிக்கல. சுர்ர்ருனு ஒரே இழு. குட்டியும் உள்ள, தொப்பையனும் உள்ள.

உள்ள கும்மிருட்டு.

"யாரு?"ன்னு கேட்டுச்சுங்க பிள்ளைங்க.

"நான்... நத்தை."

"எங்கம்மா உங்களைத் திம்பாங்களே?"

"ம்"னான் தொப்பையன். மொத தடவையா.

பின்னாடி தொண்டை, அதுல பல்லு. முன்னாடி நாப்பது பிள்ளைங்க, அவன் ஓட்டு மேல ஏறிச் சறுக்கு விளையாடுதுங்க. "மாமா, கதை சொல்லுங்க மாமா!" அவனுக்கு என்ன கதை தெரியும்? "ஒரு ஊர்ல ஒரு இலை இருந்துச்சு. அதை நான் தின்னேன்"னான்.

"அப்புறம்?"

"இன்னொரு இலை இருந்துச்சு."

பிள்ளைங்க அப்படியே சொக்கித் தூங்கிடுச்சுங்க.

இருபத்தோராம் நாளு செவந்தி வாயைத் திறந்தா. சளசளன்னு பிள்ளைங்க ஓடுச்சுங்க. நாப்பதும் எண்ணி எடுத்தா. கடைசியா தொப்பையன் உருண்டு வந்து விழுந்தான். ஓட்டுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டான். இருபத்தோரு நாள் பசி அவளுக்கு. கிட்ட போனா.

கடைக்குட்டி குறுக்க வந்துச்சு. "அம்மா, மாமா இன்னும் கதையை முடிக்கல."

இருபத்தோரு நாள் கழிச்சு செவந்தி பேசுன மொத வார்த்தை: "சீக்கிரம் முடிக்கச் சொல்லு." சொல்லிட்டு, பக்கத்துல கிடந்த வேற நத்தையை லபக்கு, கடக்கு மொடக்கு.

பாவம்தான். ஆனா அது மாமா இல்லையே.

அப்புறம் தொப்பையன் கதவைத் திறந்தான். தொண்டையைச் செருமிக்கிட்டான். மூணாவது ஒரு இலை இருந்துச்சுன்னான். அதைத் தின்னானாம். நாலாவது ஒரு இலை... அஞ்சாவது ஒரு இலை...

தேனு?

தேனும்மா, "ம்" சொல்லலையே?

சரி. கதை முடியல. முடிஞ்சா மாமா உசிரு போயிடும். நீ தூங்கு.