அடங்காத சுரப்பிச் செல்

"மேடம், இது அடங்கவே மாட்டேங்குது!"

மரியசெல்வம் திரையைக் காட்டிப் பல்லைக் கடித்தார்.

கணையத்திலிருந்து எடுத்த ஒற்றைச் சுரப்பிச் செல் அது. முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயை அதன்மேல் ஒட்டவைத்து, மின்துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும். நல்ல செல் கொஞ்ச நேரம் துடிக்கும், கொஞ்ச நேரம் ஓயும். இவருக்கு வாய்த்தது ஓய்ந்தால்தானே!

மனுஷர் பல வருஷம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வெள்ளிக்கிழமையோடு விடுப்பு முடிகிறது. அதற்குள் உருப்படியாக ஒரு பதிவு கிடைக்காவிட்டால் பட்டமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

வழிகாட்டி நிலோஃபர் அவரைவிட வயதில் சின்னவர்.

"குழாய்க்குள்ள என்ன ஊத்தினீங்க, சார்?"

"செல்லுக்குள்ள இறங்கி கால்சியத்தைப் பிடிச்சு வைக்கிற மருந்து. தாராளமாவே போட்டேன். கால்சியம் உள்ளே புகுந்துதானே இதைத் துடிக்க வைக்குது? புகுந்ததும் லபக்குன்னு பிடிச்சுட்டா செல் ஓயணுமா, இல்லையா?"

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்!"

வந்ததே கோபம்! மேசை ஆடுகிறது என்றார். ஏசி சொட்டுகிறது என்றார். முந்தாநாள் செல் செத்தது, நேற்று குழாய் உடைந்தது, இன்று இந்தச் சனியன் உயிரை வாங்குகிறது என்றார். கடைசியில், "நீங்களும் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லித் தொலைக்க மாட்டேங்குறீங்க!" என்று நிலோஃபர்மேலேயே பாய்ந்தார்.

நிலோஃபர் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்.

மரியசெல்வத்துக்குத் தொண்டை கட்டியது. மூச்சு வாங்கியது. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"என்ன மேடம், கிண்டலா?"

"இல்ல சார். நான் நிறுத்தச் சொன்னேனா?"

"இல்ல."

"வேற யாராவது சொன்னாங்களா?"

"யார் வந்து சொல்லணும்? கத்தின கத்துல எனக்கே..."

அவர் வாய் திறந்தபடி நின்றது. திரையில் செல் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கே?" என்றார் நிலோஃபர்.

"ஐயோ மாதாவே! துடிக்கத் துடிக்க உள்ளே சேர்ந்து, கடைசியில அடக்குறதும் அந்தக் கால்சியம்தானா? அதைப் போய்க் கட்டிப்போட்டுட்டேனே, மேடம்!"