மாப்பிள்ளை எடைக்கு ஒரு கல்

மேல்மலையில் தை மாதம் என்றால் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி, ரோடெல்லாம் வழுக்கல். அந்த வழுக்கலில் சிக்கிக் குழந்தைவேலு ஏற்கெனவே இரண்டு முகூர்த்தத்தைக் கோட்டைவிட்டவன். மூன்றாவதையும் விட்டால் பெண் கிடையாது என்று மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். பயந்துபோனவன், கல்யாணத்துக்கு முந்தின வாரமே கூட்டாளிகள் மூவரையும் கூட்டிக்கொண்டு, காருக்குப் புது ஷாக் அப்சார்பர் மாட்ட வத்தலக்குண்டுக்கு இறங்கினான்.

இறுக்கம் ஒரே நிலையில் இருப்பது வேண்டுமா, திருகி மாற்றிக்கொள்வது வேண்டுமா என்று மெக்கானிக் தாவூது கேட்டார். நால்வரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை என்பதால், மாற்றிக்கொள்வதையே மாட்டச் சொன்னார்கள்.

"பனி ரோட்டுல எளக்கமா வைங்க, டயரு நல்லாப் புடிக்கும். வளைவு வந்தா ஒரு சுத்து இறுக்கிக்கங்க. திருகும்போது வண்டியில நாலு ஆள் பாரமும் இருக்கணும்" என்றார் தாவூது.

நாலு பேரும் உள்ளே இருந்தால் இறங்கித் திருகுவது யார்? மலை ஏறி வீடு சேரும்வரை மூளையைக் கசக்கினார்கள். கடைசியில் குழந்தைவேலுவுக்குத்தான் வழி தோன்றியது.

"எறங்குற ஆளு எடைக்கு ஒரு கல்லை சீட்டுல வச்சுட்டா?"

"அப்ப நீதான் எறங்கணும் மாப்ள" என்றான் வண்டி ஓட்டும் சடையாண்டி. "எங்கள்ல நீதான் ஒல்லி. எங்க எடைக்குக் கல்லு வச்சா எவன் தூக்குறது?"

நியாயமாகத்தான் பட்டது. உருளைக்கிழங்கு மண்டித் தராசில் குழந்தைவேலுவை ஏற்றி, ஐம்பத்தெட்டு கிலோவுக்குக் கல் பிடித்தார்கள்.

கல்யாணத்தன்று முதல் வளைவில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். டிக்கியிலிருந்து கல்லைத் தூக்கித் தன் சீட்டில் வைத்தான். திருகினான். கல்லை மறுபடி டிக்கியில் போட்டுவிட்டு ஏறிக்கொண்டான். வளைவு தாண்டியதும் இளக்குவதற்காக மறுபடி இறங்கினான். ஒன்பது வளைவுக்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

பத்தாவது வளைவில் கல்லை வைத்து, திருகி முடித்து, கதவைச் சாத்தினான். சடையாண்டி திரும்பிப் பார்த்தான். நாலு பாரமும் சரியாக இருந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். வண்டி ஆடாமல் அசையாமல் திரும்பிய அழகைப் பார்த்துக் குழந்தைவேலுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம்தான் முகூர்த்தம் நினைவுக்கு வந்தது. முட்டைக்கோஸ் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடி, முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே மண்டப வாசலை எட்டிவிட்டான். வண்டிதான் இன்னும் வரவில்லை. அடுத்த வளைவில், இப்போது யார் இறங்குவது என்று அங்கே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

மாமனார் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். குழந்தைவேலு அசையவில்லை.

"கொஞ்சம் பொறுங்க மாமா. நான் இன்னும் வந்து சேரல. என் எடை அங்க சீட்டுல உக்காந்து வந்துக்கிட்டு இருக்கு."

மாமனாருக்கும் அது நியாயமாகவே பட்டது. பொருத்தம் பார்த்த சோசியர் கெட்டிக்காரர்தான்.

"அடடா, முகூர்த்தம் போயிருமே" என்று பதறியவர், மேளக்காரர்களைக் கிளப்பிவிட்டு, மாலையை எடுத்து அவனிடமே நீட்டினார்.

மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைத்துவர, மாலையும் கையுமாக முதல் ஆளாய் ஓடினான் குழந்தைவேலு.