அக்கரையிலிருந்து வந்த புல்லுக்கட்டு

ஏரிக்கரை நாணல் காட்டில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் வாழ்ந்தது. அதில் கோரை என்று ஓர் இளம் பன்றி இருந்தாள். காட்டுக்குக் கிழக்கே பெரிய ஆறு ஓடியது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் புலியின் ராஜ்ஜியம். அந்தப் பக்கம் சிங்கத்தின் ராஜ்ஜியம். கூட்டத்தில் யாருமே அதுவரை அக்கரைக்குப் போனதில்லை.

அந்தக் கோடையில் ஆறு வற்றி முழங்கால் ஆழமானது. கோரை துணிந்து இறங்கிவிட்டாள்! பத்து நாள் அக்கரையில் இருந்தாள். மலை பார்த்தாள், அருவி பார்த்தாள், வயிறு முட்ட இலுப்பைப் பூ தின்றாள். விருந்தாளிகள் தங்குவதற்கென்றே அங்கே ஒரு குகை இருந்தது. அதில் பொன் நிறத்தில் மெத்தென்று புல் பரப்பியிருந்தார்கள். அதில் படுத்தபோதெல்லாம் கோரைக்கு அக்காவின் நினைவு வந்தது. அக்கா கருணை நிறைமாதமாக இருந்தாள். பன்றிகள் குட்டி போடும் முன் புல்லைக் குவித்துப் படுக்கை கட்டும். இந்தப் புல் கிடைத்தால் எப்படி இருக்கும்!

புறப்படும்போது குகையைப் பார்த்துக்கொண்ட கிழப் பன்றியிடம் தயங்கித் தயங்கி ஒரு கட்டுப் புல் கேட்டாள்.

"தாராளமாக எடுத்துக்கொள், தாயே! மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனாலும் சரி!" என்றது கிழப் பன்றி.

எவ்வளவு பெரிய மனசு என்று கோரைக்குக் கண் கலங்கியது. ஒரு பெரிய கட்டாகக் கவ்விக்கொண்டாள். தலையைத் தூக்கியபடியே ஆற்றைக் கடந்தாள். ஒரு புல்கூட நனையவில்லை.

கூட்டமே கரைக்கு ஓடி வந்தது.

"வந்துவிட்டாள்! அக்கரைக்காரி வந்துவிட்டாள்!"

"உடம்பெல்லாம் என்னடி, முத்து முத்தாகத் தடிப்பு?" என்று கேட்டாள் கருணை.

"அக்கரைக் கொசு, அக்கா! நம் ஊர்க் கொசு மாதிரி நினைக்காதே. கடித்தால் பத்து நாளைக்குப் பேசும்!" என்றாள் கோரை. கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

புல்லைப் பார்த்த கருணை அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றே புதருக்குள் பேறுகாலப் படுக்கையைக் கட்டத் தொடங்கினாள். ஒரு கைப்பிடிப் புல்லைக் கோரை தனக்கென்று பாறையடியில் பரப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் போனது. அரிப்பு போகவில்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. கோரை மரத்தில் உரசினாள், பாறையில் உரசினாள், போகிற வழியில் நின்ற எருமையின் மேலும் உரசினாள்.

"அம்மா, நான் மரமில்லை!" என்றது எருமை.

ஏரிக்கரையில் ஓர் உடும்பு இருந்தது. தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொள்ளும். கோரை அதனிடம் போனாள்.

"சொறி! நன்றாகச் சொறி! சொறியச் சொறிய நோய் வெளியே போகும்!" என்றது உடும்பு.

கோரை நம்பினாள். விடாமல் சொறிந்தாள். தடிப்புகள் புண்ணாயின. ஈ மொய்த்தது. சேற்றில் புரளலாமா என்று கேட்டாள்.

"சேறா? ஐயையோ! சேறு பட்டால் நோய் உள்ளே இறங்கிவிடும்!" என்றது உடும்பு.

ஐந்தாம் நாள் காலையில் கருணை தன் விலாவைச் சொறிந்தாள். அங்கே முத்து முத்தாகத் தடிப்பு! அடுத்து, அவள் பக்கத்தில் படுத்திருந்த சித்தி மகள் சொறிந்தாள்.

உடும்பு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"நான் அப்போதே நினைத்தேன்! இது கொசுக்கடி இல்லை. அக்கரைச் சொறி! ஒருத்தியைத் தொட்டால் ஊரையே தொடும். இந்த மண்ணிலேயே நோய் இறங்கிவிட்டது. கூட்டத்தோடு காலி பண்ணிக்கொண்டு மேற்கே போய்விடுங்கள். இன்றைக்கே!"

கூட்டத்துக்குத் தலைவி சேம்பி. எல்லோருக்கும் பெரியம்மா. அவள் கூட்டத்தை ஒரு முறை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "வெயில் தாழ்ந்ததும் கிளம்புவோம்" என்றாள்.

"என்னால் நடக்க முடியாது, பெரியம்மா. குட்டிகள் இன்றோ நாளையோ" என்றாள் கருணை.

"தெரியும், மகளே."

"அப்படியானால் நான்?"

சேம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மற்ற இருபது பேரை நான் பார்க்க வேண்டுமே!"

கோரை அக்காவைப் பார்த்தாள். தனியாகக் கிடக்கும் நிறைமாதப் பன்றியைப் புலி எத்தனை நாள் விட்டுவைக்கும்? எல்லாம் தன்னால்தான்! யாரையும் தொடக்கூடாது என்று ஒதுங்கி, ஏரியோரச் சேற்றில் போய் விழுந்தாள். நோய் உள்ளே இறங்கினால் இறங்கட்டும். இனி என்ன இருக்கிறது?

ஆனால் குளிர்ந்த சேறு பட்டதும் அரிப்பு அடங்கியது! கோரை வியந்துபோனாள். அரிப்பு அடங்கியதால் ஐந்து நாளில் முதல் முறையாக அவளால் நிதானமாக யோசிக்க முடிந்தது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் மூன்று முறை முகர்ந்து பார்க்காமல் மனம் ஆறாது. கூட்டத்தில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது எழுந்து தன் உடம்பை மெல்லப் பார்த்தாள். அக்கரையில் வந்த தடிப்புகள் கறுத்துக் காய்ந்திருந்தன. ஆனால் இடது விலாவில் புதிதாகச் சிவந்த தடிப்புகள் இருந்தன. நேற்று மதியம் பாறையடிப் புல்லில் அவள் படுத்துத் தூங்கிய பக்கம் அது. முதுகில் புதிதாக ஒன்றுகூட இல்லை.

'அக்கரைக் கொசு அக்கரையில்தானே இருக்கும்? அப்படியானால் இங்கே என்னைக் கடிப்பது யார்?'

பாறையடிக்கு ஓடினாள். தன் பொன் நிறப் புல்லில் மூக்கை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு கடுகு துள்ளியது. இன்னொரு கடுகு துள்ளியது. மூன்றாவது அவள் மூக்கிலேயே குதித்து நறுக்கென்று கடித்தது!

தெள்ளுப்பூச்சி!

கோரை பின்னால் தாவினாள். நோயும் இல்லை, மண்ணில் குற்றமும் இல்லை. அவள் ஆசையாகச் சுமந்து வந்த பரிசுதான் எல்லோரையும் கடித்துக்கொண்டிருந்தது. அக்கா அதன் மேல்தான் குட்டி போடப்போகிறாள்.

'சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன?' என்று ஒரு நொடி தோன்றியது. 'இந்தக் கைப்பிடியைத் தூக்கி எறிந்துவிட்டு, எல்லோரோடும் மேற்கே போய்விடலாம். அக்கரை போன முதல் பன்றி என்ற பெயராவது மிஞ்சும்.'

அதற்குள் தூரத்தில் கூட்டம் கிளம்பும் சத்தம் கேட்டது. அக்கா அந்தப் புல்லிலேயே தனியாகக் கிடப்பாளே! கோரை ஓடினாள். சேறு சொட்டச் சொட்ட எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள்.

"நில்லுங்கள்! யாரும் போக வேண்டாம்! இது நோய் இல்லை. தெள்ளுப்பூச்சி! நான் கொண்டுவந்த புல்லில் இருக்கிறது. தப்பு என்னுடையது!"

கூட்டம் நின்றது. பிறகு யாரோ கிண்டலாகச் சொன்னார்கள்: "அக்கரைக்காரி கொண்டுவந்த சீரைப் பாருங்கள்!" சித்தி மகள் சொறிந்துகொண்டே முறைத்தாள். கோரை தலையைக் குனியவில்லை.

"நம்பாதீர்கள்! சின்னப் பெண் உளறுகிறாள்!" என்று கத்தியது உடும்பு.

"வைத்தியரே, ஒன்று கேட்கட்டுமா?" என்றாள் கோரை. "உங்களை எப்போதாவது பூச்சி கடித்திருக்கிறதா?"

"என் தோலையா? எந்தப் பூச்சிக்கு அவ்வளவு பல் இருக்கிறது!"

"அப்படியென்றால் அரிப்பைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உடும்பு வாலைத் தரையில் அடித்தது. "அதெல்லாம் எதற்கு இப்போது? நேரமாகிறது, கிளம்புங்கள்! மணல்மேட்டையும் ஆமை முட்டைகளையும் நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்!"

"ஆமை முட்டையா? அதைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்?" என்றாள் சேம்பி.

உடும்பு நாணல் பக்கமாக நகர்ந்தது. மணல்மேட்டு ஆமை முட்டைகளில் முக்கால்வாசி ஒவ்வொரு கோடையிலும் பன்றிகளுக்குத்தான் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. கூட்டம் போய்விட்டால் அத்தனையும் உடும்புக்கு!

"பெரியம்மா, புல்லை ஏரியில் முக்கிப் பார்ப்போம். நான் சொன்னது பொய்யானால் நானே காட்டை விட்டுப் போய்விடுகிறேன்" என்றாள் கோரை.

சேம்பி தலையசைத்தாள். கருணை எழுந்து விலகினாள். பன்றிகள் படுக்கையை இழுத்து வந்து ஏரியில் தள்ளின. கோரை அதன் மேல் ஏறி நின்று அமுக்கினாள். நீர்க்குமிழி வந்தது. பிறகு கடுகைக் கொட்டியது போலக் கறுப்புப் புள்ளிகள் நீரில் மிதந்தன! ஒன்றா, இரண்டா? நூற்றுக்கணக்கில்!

"விருந்து போட்டிருக்கிறார்கள்! வாருங்கள், வாருங்கள்!" என்று ஒரு தவளை கத்தியது. தவளைகள் தாவின, மீன்கள் பாய்ந்தன. ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை.

"ஹோ!" என்று கூட்டமே முழங்கியது. உடும்பைக் காணவில்லை. நாணலுக்குள் அதன் வால் மட்டும் வேகமாக மறைந்தது.

பாறையடியில் இருந்த கைப்பிடிப் புல்லும் ஏரிக்குள் போனது. அத்தனை பன்றிகளும் சேற்றில் இறங்கிக் காது வரைக்கும் முங்கின. உடம்பில் ஒட்டியிருந்த பூச்சிகளும் அதில் ஒழிந்தன. பிறகு இருபது பேரும் ஓடி ஓடி நாணல் கடித்து வந்து கருணைக்குப் புதுப் படுக்கை கட்டினார்கள். முதல் கட்டைச் சுமந்து வந்தவள் சித்தி மகள். "இதையும் மூன்று முறை முகர்ந்துவிடடி!" என்றாள். கோரை நிஜமாகவே முகர்ந்தாள்.

மறுநாள் விடிந்ததும் கருணை ஏழு குட்டிகள் போட்டாள். ஒவ்வொன்றின் முதுகிலும் அணில் மாதிரி கோடு கோடாக இருந்தது. தடிப்பு ஒன்றுகூட இல்லை!

சேம்பி குட்டிகளை எண்ணிவிட்டுக் கோரையிடம் வந்தாள்.

"அடுத்த கோடையில் நானும் அக்கரை பார்க்க வேண்டும். என்னை நீ கூட்டிப்போவாயா?"

"நானா, பெரியம்மா?"

"கொண்டுவந்த தப்பைத் தானே கண்டுபிடித்து, எல்லோர் முன்னாலும் சொன்னவள் பின்னால் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம்!"

கூட்டம் மறுபடி முழங்கியது. இந்த முறை ஏரியின் மறுகரை வரை கேட்டது.

தெரியாமல் செய்த தவறைத் தயங்காமல் சொன்னால் அதோடு முடிந்துவிடும். மறைத்து வைத்தால் அது ஊரையே கடிக்கும்.